திருநாவுக்கரசு சுவாமிகள்: வேண்டுதலும் தொண்டும்

சித்திரை மாதத்துச் சதய நட்சத்திரம் திருநாவுக்கரசு சுவாமிகள் சிவபெருமான் திருவடி நீழலை அடைந்த திருநாளாகும். அந்நாளிலே ஆலயங்களிற் குருபூசை நிகழ்த்துதலும், பாடசாலைகளிற் சுவாமிகளுடைய சரித்திரத்தை மாணாக்கருக்கு எடுத்துரைத்தலும் நம்மவர் வழக்கம். சைவாசிரியர்களாகிய அன்பர்கள் அச்சரித்திரத்தைப் பலமுறை கற்றும் கற்பித்தும் உள்ளார்கள். அவ்வாறாகவும் அதனை மீளவும் எழுதப் புகுந்தமைக்குக் காரணமொன்றுண்டு. அதனை முதற்கண் கூறுவாம்.

கொழும்பு மாநகரின் வட எல்லையிலே, களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து மட்டக்குளி என்னும் பகுதி உள்ளது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளிற் பிள்ளைகளுக்குச் சைவசமயம் கற்பித்துவரும் ஆசிரியை ஒருவர், தம் வகுப்பிலே நிகழ்ந்ததொன்றை எம்மிடம் கூறினார். சுவாமிகள் சூலைநோயால் வருந்தியதையும், திருநீறு பெற்றுப் பதிகம் பாடி நோய் நீங்கியதையும் அவர் சொல்லி முடித்தபொழுது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். அவளுடைய தாயார் சில மாதங்களின் முன்னர் நோய்வாய்ப்பட்டு இறந்தவர். அத்தாயாரின் நெற்றியிலும் நாள்தோறும் திருநீறு பூசப்பட்டது, படுக்கையருகே தேவாரம் பாடப்பட்டது, பாடியவள் அச்சிறுமியே. அப்பருடைய நோயைத் தீர்த்த சுவாமி தன் அம்மாவின் நோயை ஏன் தீர்க்கவில்லை என்றும், தான் பாடியதிலே பிழை ஏதும் இருந்ததோ என்றும் அவள் கேட்டாளாம். ஆசிரியைக்கு நா எழவில்லை. அதனைக் கேட்ட எமக்கும் உடனே விடை தோன்றவில்லை.

இவ்வினா அச்சிறுமிக்கு மாத்திரம் உரியதன்று. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே கொழும்பில் வாழ்ந்த தமிழர் பலர் வீடுவாசல்களையும் உற்றாரையும் இழந்தனர். அவர்களுள்ளும் சிவபெருமானை நாள்தோறும் வழிபட்டவர் பலர். 2009ஆம் ஆண்டிலே முடிவுற்ற யுத்தத்திற் காணாமற்போன தம் மக்களை இன்றும் எதிர்பார்த்திருக்கும் தாய்மார் கோயில்தோறும் விளக்கேற்றி நிற்கின்றனர். அவர்கள் உள்ளத்திலும் இவ்வினாவே உள்ளது, வாய்விட்டுக் கேட்டவள் ஒரு குழந்தை, அவ்வளவே வேற்றுமை.

யாம் பின்னர் ஆராய்ந்தபொழுது குற்றம் நாம் கற்பிக்கும் முறையிலேதான் உள்ளதென்று தெளிந்தோம். சுவாமிகள் பாடினார், நோய் தீர்ந்தது. பாடினார், கல் மிதந்தது. பாடினார், கதவு திறந்தது என்று அற்புதங்களை மாத்திரம் கோவையாக்கிச் சொல்லுகின்றோம். பிள்ளைகளோ அதனைக் கேட்டு, விலைகொடுத்துப் பண்டம் வாங்குவதுபோலப் பதிகம் பாடி வரம் வாங்கலாமென்று எண்ணுகின்றார்கள். பண்டம் கைக்கு வாராதபொழுது, விற்பவனிடத்தே குற்றங் காண்பார் சிலர். தம்மிடத்தே குற்றங் காண்பார் சிலர். இவ்விரண்டும் துன்பமே. ஆதலின், சுவாமிகள் கேட்டது யாது, பெற்றது யாது, பெறாதது யாது, அதன்பின் செய்தது யாது என்னும் இந்நான்கனையும் கருத்தில் வைத்து, சேக்கிழார் சுவாமிகள் 12ஆம் நூற்றாண்டிலே அருளிச்செய்த பெரியபுராணத்தின் வழிநின்று, அச்சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

தமக்கையார்

திருமுனைப்பாடி நாட்டிலே, இன்று பண்ணுருட்டி எனப்படும் ஊரை அடுத்துள்ள திருவாமூரிலே, வேளாளர் குலத்திலே குறுக்கையர் குடியிலே, புகழனார் என்பவர் மனைவியார் மாதினியாரோடு இல்லறம் நடாத்தி வந்தார். அவர்களுக்குத் திலகவதியார் என்னும் புதல்வியாரும், சில ஆண்டுகளின்பின் மருணீக்கியார் என்னும் புதல்வரும் பிறந்தனர். அம்மருணீக்கியாரே பின்னர்த் திருநாவுக்கரசு சுவாமிகளாயினார். காலம் கி. பி. 7ஆம் நூற்றாண்டு.

திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயது நிகழும்பொழுது, அரசனுடைய சேனைத்தலைவர் கலிப்பகையார் என்பவருக்கு அவரை மணஞ்செய்து கொடுக்கப் பெற்றோர் இசைந்தனர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்க்குச் சென்றார். அவர் சென்ற காலத்திலே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். இரு மக்களும் துயர்க்கடலில் ஆழ்ந்திருக்கும்பொழுதே, கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்தார் என்னும் செய்தியும் வந்தது. திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தனர். மருணீக்கியார் அவர் திருவடிகளில் வீழ்ந்து அழுது, தாய் தந்தையருக்குப் பின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரைக் கண்டேயென்றும், அவர் இறப்பின் அதற்கு முன்னரே தாம் இறப்பதாகவும் கூறினார். தம்பியார் வாழவேண்டுமென்னும் அருளினாலே திலகவதியார் உயிர் தாங்கினார்.

அன்பர்களே, இவ்விடத்திலே சற்று நிற்றல் வேண்டும். அற்புதங்கள் நிறைந்த இச்சரித்திரம் தொடங்குவது மூன்று மரணங்களோடு. புகழனார் எழுந்திலர், மாதினியார் மீண்டிலர், போருக்குச் சென்ற கலிப்பகையார் திரும்பிவந்திலர். சேக்கிழார் சுவாமிகள் இதற்குச் சமாதானம் ஏதும் கூறாது மேலே செல்லுகின்றார். இப்பகுதியை நாம் வகுப்பிலே விரைந்து கடந்துவிடுகின்றோம். தாயை இழந்த பிள்ளைக்கு முதலிற் சொல்லத்தக்கது இப்பகுதியே என்பது எம் துணிபு.

சூலை

மருணீக்கியார் வளர்ந்து, செல்வத்தினதும் யாக்கையினதும் நிலையாமையைக் கண்டு, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்து அறம் வளர்த்தார். பின்னர் மெய்ந்நெறி எதுவென ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரத்திலே சமண சமயத்தைச் சார்ந்து, அச்சமய நூல்களெல்லாங் கற்று, தருமசேனர் என்னும் பெயரொடு அவர்களுட் தலைவராய் விளங்கினார். உண்மையைத் தேடிச் சென்ற உள்ளத்தைக் குறைகூறுதல் தகாது. தேடல் அவருக்கு அப்பொழுது அவ்வழியே காட்டிற்று.

தனித்தவரான திலகவதியார் கெடில நதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, ஒரு மடம் அமைத்து அங்கே தங்கினார். நாள்தோறும் விடியுமுன் எழுந்து திருக்கோயிலை அலகிடுவார், சாணத்தால் மெழுகுவார், மலர் கொய்து மாலை தொடுப்பார். எல்லாவற்றையும் இழந்த பெண்ணொருத்தி துடைப்பத்தைக் கையிலெடுத்துத் தொண்டு தொடங்கிய இடமே பின்னர் அப்பர் சுவாமிகளின் சரித்திரத்துக்கு ஊற்றாயிற்று. அவ்வம்மையார் இறைவனிடம் விண்ணப்பித்தது ஒன்றே. தம்பியைப் பரசமயத்தினின்றும் மீட்டருள வேண்டுமென்பதே அது.

அவ்விண்ணப்பத்துக்கு இறைவன் அளித்த விடை யாது? தம்பியைச் சூலைநோய் கொடுத்து ஆட்கொள்ளுவோம் என்று கனவிலே அறிவித்தருளினார். அவ்வாறே தருமசேனருடைய வயிற்றிலே கொடிய சூலை புகுந்தது. தமக்கையார் கேட்டது அருள், வந்தது நோய். அந்நோயே அருள் என்பது பின்னர் விளங்கிற்று. இறைவனுடைய கருணை இனிமையாக வருவதை அறக்கருணை என்றும், துன்பமாக வருவதை மறக்கருணை என்றும் நம் சமயம் பகுத்துக் கூறும்.

சமண முனிவர் செய்த பரிகாரங்களால் நோய் தணியவில்லை. தருமசேனர் தமக்கையாருக்கு ஆளனுப்பினார். தாம் அவ்விடத்துக்கு வருவதில்லையென்று அம்மையார் மறுத்துரைத்தார். ஆகவே அவர் தாமே இருளிலே நடந்து திருவதிகை மடத்தை அடைந்து, தமக்கையார் திருவடிகளில் வீழ்ந்தார். அம்மையார் திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்து, அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, வைகறைத் தொண்டுக்குச் செல்லும் வழியிலே தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். தம்பியார் வந்தாரென்று அன்றைத் தொண்டு தவறவில்லை. வீரட்டானேசுவரர் சந்நிதியிலே மருணீக்கியார் நோயின் துன்பத்தை எடுத்துக்கூறி முதற்பதிகத்தைப் பாடியருளினார். சூலை நீங்கிற்று. நாவுக்கரசு என்னும் திருநாமமும் இறைவனால் அருளப்பெற்றது.

சுவாமிகள் இங்கே நோய் தீரவேண்டுமென்று வெளிப்படையாகவே கேட்டார். ஆதலின், துன்பம் வந்தபொழுது இறைவனிடம் கேட்டல் தவறென்பார் கூற்றுப் பொருந்தாது. பசித்த பிள்ளை தாயிடமன்றி வேறெவரிடம் கேட்கும்? கேட்டல் தவறன்று, கிடைத்தால் அன்பு, கிடையாவிடின் அன்பின்மை என்று வைத்துக்கொள்ளுதலே தவறு. நோய் நீங்கிய சுவாமிகள் ஊர்திரும்பித் தம் வாழ்வைப் பார்த்துக்கொள்ளச் செல்லவில்லை. உழவாரத்தைக் கையிலேந்தித் திருக்கோயிற் புல்லைச் செதுக்கத் தொடங்கினார். தமக்கையார் கைத்துடைப்பமே தம்பியார் கையில் உழவாரமாயிற்று எனலாம்.

பின்னர்ப் பல்லவ அரசன் சுவாமிகளை நீற்றறையில் ஏழுநாள் இட்டதும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லோடு பிணித்துக் கடலில் இட்டதும் யாவரும் அறிந்தனவாதலின் விரிக்கின்றிலம். கல்லே தெப்பமாகச் சுவாமிகள் திருப்பாதிரிப்புலியூரிலே கரையேறினார். அவ்வரசன் பின்னர்ச் சைவனாகித் திருவதிகையிலே குணபரவீச்சரம் என்னும் ஆலயம் எடுப்பித்தான் என்பது புராணம். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனுடைய விருதுப்பெயர்களுள் ஒன்றாதலின், அவனே இவனென்று சரித்திர ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர்.

கேட்டதும் கிடைத்ததும்

இனிச் சுவாமிகள் தலயாத்திரை செய்த காலத்து நிகழ்ச்சிகளை ஒன்றோடொன்று வைத்து நோக்குவாம்.

பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்திலே, தம் உடலிற் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கவேண்டுமென்று வேண்டினார். வேண்டியது வேண்டியவாறே அவ்விடத்திலேயே கிடைத்தது. திருச்சத்திமுற்றத்திலே, கூற்றுவன் வருமுன் திருவடியைத் தம் தலைமேற் சூட்டவேண்டுமென்று வேண்டினார். அவ்விடத்திலே கிடைக்கவில்லை, நல்லூருக்கு வருகவென்னும் ஆணை மாத்திரமே கிடைத்தது. நல்லூருக்குச் சென்று வணங்கிய பின்னரே திருவடி சூட்டப்பெற்றார். ஒரே அடியார், ஒரே அன்பு. ஓரிடத்தில் உடனே, ஓரிடத்தில் வேறிடத்தில்.

திங்களூரிலே அப்பூதியடிகள் என்னும் அந்தணர், சுவாமிகளைக் காணுமுன்னரே அவர்மீது பேரன்பு பூண்டு, தம் மக்களுக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் சாலைக்குமெல்லாம் திருநாவுக்கரசென்னும் பெயரையே இட்டிருந்தார். சுவாமிகள் அவர் மனைக்கு அமுதுண்ண எழுந்தருளியபொழுது, வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த புதல்வர் பாம்பு தீண்டி இறந்தார். பெற்றோர் அச்சவத்தைப் பாயினால் மூடி மறைத்து, அடியவர் அமுதுசெய்வதற்கு இடையூறு நேராதபடி இலையிட்டனர். இங்கே ஆசிரியர்கள் கருதவேண்டுவது ஒன்றுண்டு. மகனை எழுப்பித்தருள வேண்டுமென்று அப்பெற்றோர் கேட்டதில்லை. இறந்தவனை மறைத்துவைத்து அன்பைச் செய்தனர். சுவாமிகளே உண்மையை உணர்ந்து, சவத்தைத் திருக்கோயில் முன்னர்க் கொணர்வித்துப் பதிகம் பாட, மகன் எழுந்தான். மகன் எழுந்திராவிடினும் அப்பூதியடிகளின் அன்பு குறைந்திராது என்பது, எழுவதற்கு முன்னரே அவர் செய்த செயலால் விளங்கும். இந்நிகழ்ச்சியை இறந்தார் எழுந்த அற்புதமாக மாத்திரம் சொல்லுவோமாயின், அதன் உயிர்நாடியை விட்டவர்களாவோம்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபொழுது, அடியார்களுக்கு அமுதளித்தற்பொருட்டு இறைவன் அப்பர் சுவாமிகளுக்கும் திருஞானசம்பந்த சுவாமிகளுக்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார். அப்பர் சுவாமிகள் பெற்ற காசு வட்டமின்றி மாறிற்று. சம்பந்த சுவாமிகள் பெற்ற காசு வாசி கொடுத்தே மாறவேண்டியதாயிற்று. அப்பர் சுவாமிகள் கைத்தொண்டு செய்பவராதலின் இவ்வேறுபாடு என்பர். இதனைக் கேட்டவர், கைத்தொண்டு செய்வார்க்குத் தாமதமின்றி எல்லாம் கிடைக்குமென்று முடிவுசெய்யக்கூடும். ஆனால் அடுத்த நிகழ்ச்சி அம்முடிவைத் தகர்த்துவிடுகின்றது.

மறைக்காட்டுக் கதவம்

திருமறைக்காட்டிலே வேதங்கள் வழிபட்டு அடைத்த திருக்கதவம் திறக்கப்படாதிருந்தது. அன்பர்கள் வேறொரு வாயிலாற் சென்று வழிபட்டு வந்தனர். சம்பந்த சுவாமிகள் வேண்ட, அப்பர் சுவாமிகள் கதவந் திறக்கும்படி பதிகம் பாடினார். கதவந் திறவாது தாழ்த்தது. மேலும் இரங்கிப் பாடிய பின்னரே திறந்தது. வழிபட்டு வெளியே வந்தபின், கதவம் இனி நாள்தோறும் திறக்கவும் அடைக்கவும்படுதல் வேண்டுமென்று, சம்பந்த சுவாமிகள் அடைக்கும்படி பாடினார். அவர் முதற்பாட்டுப் பாடிய அளவிலேயே கதவம் அடைத்துக்கொண்டது.

ஒருவர் நெடிது பாடக் கதவந் திறந்தது. மற்றவர் ஒரு பாட்டுப் பாட அடைத்தது. அப்பர் சுவாமிகளோ அப்பொழுது ஆண்டால் முதிர்ந்தவர். சம்பந்த சுவாமிகள் இளம்பிள்ளை. வீழிமிழலையிற் காசு வேறுபட்டபொழுது முன்னின்றவர் அப்பர். மறைக்காட்டிற் கதவு வேறுபட்டபொழுது முன்னின்றவர் சம்பந்தர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்ப்பார்க்கு ஓருண்மை புலனாகும். திருவருள் விரைந்து வருதலையோ தாழ்த்து வருதலையோ கொண்டு அடியவருடைய அன்பை அளத்தல் இயலாது. அப்பர் பாட்டிற் பிழையிருந்ததென்று சொல்லத் துணிவார் எவர்?

ஆயினும் அப்பர் சுவாமிகள் அன்றிரவு மனம் வருந்தினார். தாம் அரிதின் முயன்று பாடித் திறந்த கதவை மற்றவர் எளிதிற் பாடி அடைத்தாரே, இறைவன் திருவுள்ளக் குறிப்பை யாம் அறிந்திலமே என்று கவன்று, உறக்கங்கொள்ளாது கிடந்தாரெனப் புராணம் கூறும். பிழை தம்மிடத்தேயோ என்னும் அக்கவலை மட்டக்குளிச் சிறுமியின் கவலையே. அப்பர் சுவாமிகளும் அவ்வழியே சென்றவர். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கதவம் தாழ்த்தமைக்குக் காரணம் கூறவும் இல்லை. திருவாய்மூரிலே யாம் இருப்போம், பின்தொடர்க என்று அருளினார். சுவாமிகள் பின்தொடர்ந்தார். முன்னே செல்லுந் திருவுருவம் அணித்தாகத் தோன்றியும் அணுக இயலாததாயிற்று. அவர் நின்றுவிடவில்லை, தொடர்ந்து நடந்தார். விடை கிடையாதிருக்கவும் நடத்தலே அன்பு.

கயிலையும் ஐயாறும்

சுவாமிகள் வாழ்விலே மிகப் பெரிய வேண்டுதல் கயிலைக்காட்சி. திருக்காளத்தியை வணங்கியபொழுது, வடகயிலையிலே சிவபெருமான் வீற்றிருக்குங் கோலத்தைக் காணவேண்டுமென்னும் வேட்கை எழுந்தது. முதிர்ந்த வயதிலே வடதிசை நோக்கி நடந்தார். ஸ்ரீசைலத்தை வணங்கி, பல நாடுகளைக் கடந்து காசியை அடைந்து, உடன்வந்தாரை அங்கே நிறுத்தித் தனியே சென்றார். இரவும் பகலும் நடந்ததனாற் பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தாவிச் சென்றார். கைகளும் தேய்ந்தபின் மார்பினால் உந்திச் சென்றார். மார்பும் நைந்து எலும்பும் முரிய, உடலைப் புரட்டிச் சென்றார். அதுவும் இயலாதபொழுது வழியிலே கிடந்தார்.

அப்பொழுது இறைவன் ஒரு முனிவர் வடிவில் தோன்றி, மானுடர்க்குக் கயிலை அடைதற்கரியது, மீண்டுசெல்லுதலே தக்கது என்று உரைத்தார். கயிலைநாதனைக் காணாது இவ்வுடலோடு மீளேன் என்று சுவாமிகள் மறுத்தார். பின்னர் அசரீரி வாக்கினால் இறைவன் அவரை எழுப்பி, அருகிருந்த தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றிலே அக்கோலத்தைக் காணும்படி ஆணையிட்டருளினார். சுவாமிகள் மூழ்கினார், எழுந்தபொழுது நின்ற இடம் திருவையாற்றுக் குளக்கரை.

கேட்டது இமயத்துக் கயிலை, அது மறுக்கப்பட்டது. இவ்வளவு வருந்தியவருக்கும் அது மறுக்கப்பட்டது என்பதை நாம் மறைத்தல் கூடாது. ஐயாற்றிலே சுவாமிகள் கண்டது யாது? யானை பிடியோடு வந்தது. சேவல் பெட்டையோடு வந்தது. குயிலும் மயிலும் அன்னமும் துணையோடு வந்தன. ஊரிலே எவரும் நாள்தோறும் காணும் அவ்வுயிர்களையெல்லாம் சத்தியும் சிவமுமாகக் கண்டு கைகூப்பினார். அதன்பின் திருக்கோயில் அவருக்குக் கயிலையாகவே தோன்றிற்று. தொலைவிலே ஓரிடத்திற் காண விரும்பியவருக்கு எவ்விடத்தும் காணுங் கண் அளிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியின் நினைவாகத் திருவையாற்றிலே ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக்காட்சித் திருவிழா இன்றும் நிகழ்கின்றது.

புகலூரிலே

இறுதிக் காலத்திலே சுவாமிகள் திருப்புகலூரை அடைந்து உழவாரத்தொண்டு செய்துகொண்டிருந்தார். கயிலைக்காட்சி பெற்ற பின்னரும் உழவாரத்தை அவர் கீழே வைக்கவில்லை. அவர் புல்லைச் செதுக்கும்பொழுது, புல்லிடையே பொன்னும் நவமணிகளும் கிடக்கும்படி இறைவன் செய்தார். சுவாமிகள் அவற்றைப் பருக்கைக்கற்களோடு ஒப்பக் கருதி, உழவாரத்தால் வாரி அருகிருந்த தடாகத்தில் எறிந்தார். பின்னர்த் தேவமாதர் வந்து ஆடியும் பாடியும் நின்றபொழுதும் அவர் உள்ளம் தொண்டினின்றும் பெயரவில்லை. அங்ஙனம் எண்பத்தோராண்டு வாழ்ந்து, சித்திரைச் சதயத்திலே அப்பதியிலேயே இறைவன் திருவடியிற் கலந்தார் என்பது வழிவழி வந்த கொள்கை. அவர் அருளிய பதிகங்களுள் நமக்குக் கிடைத்தன 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன.

வேண்டியது வந்தபொழுதும், தாழ்த்து வந்தபொழுதும், வேறிடத்தில் வந்தபொழுதும், வேறு வடிவில் வந்தபொழுதும், வேண்டாதது வந்தபொழுதும் சுவாமிகள் கையில் இருந்தது ஒன்றே: அவ்வுழவாரம். ஆலயங்களில் நால்வர் திருவுருவங்களை வணங்கும்பொழுது அப்பர் திருவுருவை உழவாரங்கொண்டே பிள்ளைகள் அடையாளங் காண்பர். அவரைத் தாசமார்க்கத்துக்கு, அதாவது அடிமைநெறிக்கு, எடுத்துக்காட்டாக நம் முன்னோர் வைத்ததும் இதுபற்றியே. கூலியாள் கூலி நோக்கி வேலை செய்வான். கூலி தாழ்த்தால் வேலையை விடுவான். அடியவன் ஆண்டவனுடையவன், அவனுக்குத் தொண்டு செய்தலே பேறு.

ஆசிரியர் கடன்

இனி நாம் செய்யத்தக்கன யாவை? பரீட்சைக்காலத்திலே பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச்சென்று, தேங்காய் உடைத்தாற் சித்தி நிச்சயமென்று சொல்லுதல் கூடாது. கேட்கட்டும், அப்பரும் கேட்டார். ஆனால் கேட்டது கிடையாதபொழுதும் மறுநாள் அதே சந்நிதிக்கு வருகின்ற மனத்தை அவர்களிடத்து வளர்த்தல் வேண்டும். அதற்கு வழி சொல்லன்று, செயல். மாதத்தில் ஒருநாளேனும் அருகிலுள்ள சிறு கோயிலொன்றிற்கு அவர்களை அழைத்துச்சென்று, வீதியைக் கூட்டுவித்தும் புல் செதுக்குவித்தும் பழக்குதல் வேண்டும். ஒன்றையும் வேண்டாது கோயிலில் ஒருமணிநேரம் உழைத்த பிள்ளைக்கு, வேண்டுதலையன்றியும் இறைவனோடு உறவுண்டென்பது தானே விளங்கும்.

இன்னொன்றும் கூறவேண்டும். துன்பம் வந்தவரிடம் பிராரத்த வினையைப் பேசுவார் நம்முட் பலர். வினைக்கொள்கை நம் சமயத்தின் உறுதியான கொள்கையே. அதனை யாம் ஐயுறுகின்றிலம். ஆயினும் அது தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உதவுவது; பிறர் துன்பத்தின்மேல் எறிதற்கு உரிய கல்லன்று. தாயை இழந்த குழந்தையிடம், அது உன் தாயின் வினையென்று சொல்லுவார் சைவம் கற்றவராகார். காரணம் எமக்குத் தெரியாதென்று ஒப்புக்கொள்ளுதல் ஆசிரியர்க்கு இழுக்கன்று. மறைக்காட்டிலே காரணம் அப்பருக்கும் சொல்லப்படவில்லை.

இவற்றையெல்லாம் யாம் அவ்வாசிரியையோடு இருந்து பேசினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கலிப்பகையார் திரும்பிவாராமையையும், திலகவதியார் துடைப்பம் எடுத்தமையையும், மறைக்காட்டுக் கதவம் தாழ்த்தமையையும் வகுப்பிலே சொன்னாராம். அச்சிறுமியைத் தனியே அழைத்து, அவள் பாடியதிற் பிழையில்லை என்பதையும் சொன்னாராம். சிறுமி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், அந்தக் கதவுக்கு முன்னால் அப்பர் எவ்வளவு நேரம் நின்றார் என்று மாத்திரம் கேட்டாளாம். புராணத்திலே அது சொல்லப்படவில்லை என்றும், திறக்கும்வரை நின்றார் என்பதே தமக்குத் தெரியுமென்றும் ஆசிரியை விடைகூறினார்.

அவ்விடையினும் மேலானதொன்றை யாம் அறியேம். வருகின்ற சித்திரைச் சதயத்திலே சைவாசிரியர்கள் இச்சரித்திரத்தைச் சொல்லும்பொழுது, கதவந் திறந்ததை மாத்திரமன்றித் திறக்குமுன் அடியவர் நின்ற நிலையையும் மாணாக்கர் உள்ளத்திற் பதியச் சொல்லுவார்களாக. திறந்த கதவைக் கண்டு கும்பிடுவார் பலர்; அடைத்த கதவின் முன்னும் கும்பிட்டு நிற்பாருக்கு அப்பர் சுவாமிகள் என்றும் துணையாவார்.

திருச்சிற்றம்பலம்.